ஆர்.சி. காரில் மின்தேக்கி: எதற்கு, எவ்வளவு, எங்கே

ரேடியோ அலையால் தொலைவிலிருந்து ஓட்டும் மின்சார ஆர்.சி. காரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான ஈ.எஸ்.சி.யில் கூடுதல் மின்தேக்கியை (கெப்பாசிட்டர்) இணைத்தால் கார் வேகமாக ஓடும் என்ற எண்ணத்தை ஒரு சிறு கணக்கே தீர்த்துவிடும். முழுதாக மின்னேற்றிய இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 8.4 வோல்ட்டில், 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சேமித்து வைப்பது ஏறத்தாழ 0.035 ஜூல். 400 வாட் இழுக்கும் மோட்டாருக்கு அது ஒரு மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது.

ஆனால் ஈ.எஸ்.சி. வேலை செய்வதும் அந்தக் கால அளவில்தான். திராட்டில், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை, பாதியில் இருக்கும்போது அது மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு நிறுத்துகிறது. 16 கிலோஹெர்ட்சில் ஒரு சுற்றுக்கு 62.5 மைக்ரோநொடியே ஆகிறது. பேட்டரிக் கம்பிகளுக்கு உள்ள மின்தூண்டல், அவற்றில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று கூடவோ குறையவோ விடாது என்பதால், ஒவ்வொரு முறை மின்னோட்டத்தை விடும்போதும் ஈ.எஸ்.சி.யின் பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் சரிகிறது, நிறுத்தும்போது எகிறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வதே மின்தேக்கியின் பணி. அது தவறினால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகக்கூடும். முழுத் திராட்டிலைவிடப் பாதித் திராட்டிலில் மின்தேக்கிக்குச் சுமை அதிகம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

தேர்வு செய்யும்போது கொள்ளளவை மட்டும் பார்ப்பது போதாது. உள்தடை குறைந்த, 105 பாகை செல்சியஸ் தாங்கும் மின்னாற்பகு (எலக்ட்ரோலிட்டிக்) வகையே ஏற்றது. இரண்டு செல் பேட்டரிக்கு 16 வோல்ட், மூன்று செல்லுக்கு 25 வோல்ட், நான்கு செல்லுக்கு 35 வோல்ட் என்று தாராளமாக இடைவெளி விட்டு வாங்குங்கள். ஒரே பெரிய மின்தேக்கியைவிட, பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்த சில சிறியவை மேல் என்பது என் கருத்து. உள்தடை மேலும் குறைவதோடு வெப்பமும் பகிரப்படுகிறது.

பொருத்தும் இடம் ஈ.எஸ்.சி.யின் பேட்டரி முனைகளே, மோட்டார் பக்கம் அல்ல. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்தேக்கியின் கால்களை இயன்றவரை குட்டையாக வெட்டி, பட்டை வரைந்த பக்கம் எதிர்மின் முனையில் (−) வருமாறு பற்றவையுங்கள்; முனை மாறினால் அது வெடிக்கக்கூடும். வெளியே தெரியும் உலோகத்தை வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடி, குலுக்கலில் கால் முறியாதபடி உடலை இறுகக் கட்டிவிடுங்கள். பேட்டரிக் கம்பியை நீட்டியிருந்தால் கூடுதல் மின்தேக்கி அவசியமாகிறது. கம்பியைக் குறைக்க முடிந்தால் அதுவே மேலான தீர்வு.

சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ வலுவானதாக இருந்து, அது திரும்பும்போதெல்லாம் ரிசீவர் (ரேடியோ சைகையை வாங்கும் கருவி) அணைந்து எழுகிறதென்றால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு ரிசீவரின் காலி முனையில் செருகும் தனி மின்தேக்கி ஓரளவு உதவும். ஆனால் ரிசீவருக்கு மின்சாரம் தரும் சுற்றே திறன் குறைந்ததாக இருந்தால், அதைத்தான் மாற்ற வேண்டும்.

பேட்டரியை இணைக்கும்போது தெறிக்கும் சிறு பொறி, வெறுமையாக இருந்த மின்தேக்கிகள் நிரம்புவதால் வருவது. கொள்ளளவு கூடக் கூட அதுவும் பெரிதாகும். ஓட்டி முடித்ததும் மின்தேக்கியின் தலைப்பகுதி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மாற்றாமல் மறுபடி ஓட்டாதீர்கள்.