சட்டத்தரணியிடம் போகுமுன் சொப்பிங் பையைப் பிரியுங்கள்

திருகோணமலையில் காணி வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி நான். மூதூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வரும் அம்மா ஒருவர் மேசையில் ஒரு சொப்பிங் பையை வைப்பார். காணி உறுதி, கரண்ட் பில், மரணச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் ஒன்றாக மடிந்து கிடக்கும். அதைப் பிரிக்கவே அரை மணித்தியாலம் போய்விடும். அந்த வேலையை வீட்டிலேயே செய்து வாருங்கள்.

பத்திரங்களைத் திகதி வரிசையில் அடுக்குங்கள். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. உறுதிக் காணி என்றால் அதன் பதிவு இலக்கத்தைக் குறித்து வாருங்கள். அதை வைத்துத்தான் காணிப் பதிவகத்தில் தேடுவோம். ஈடு வைத்திருந்தால் அங்கே தெரியும்.

உறுதியைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். தகப்பன் மகளுக்கு எழுதிய நன்கொடை உறுதியில் 'சீவிய உரித்துக்குட்பட்டு' என்று ஒரு வரி இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மகளிடம் காணியை வாங்கிய ஒருவர் அத்திவாரம் வெட்டப் போனார். அந்தத் தகப்பன் படலையில் வந்து நின்றார். என்ன செய்வது? அவர் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை அவருக்குத்தான்.

முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்த கடிதத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் காணி விற்பனை செல்லும். 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அதுதான்.

இடம்பெயர்ந்த குடும்பம் என்றால், எந்த வருடம் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று எழுதி வாருங்கள். உரிமைக்காரரை ஏற்காமல், தடையின்றிப் பத்து வருடம் காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். அதனால் அந்தத் திகதிகளில் வழக்கே தங்கியிருக்கும்.

அப்புறம், எதையும் மறைக்காதீர்கள். தம்பி கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை வெளியே விட எங்களுக்கு அனுமதியில்லை. எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் சொல்லித்தான் அது எனக்குத் தெரியவருமென்றால், உங்களைக் காப்பாற்ற வழியில்லாமல் போய்விடும்.

கட்டணத்தை முதல் நாளே கேளுங்கள், வெட்கம் வேண்டாம். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு.

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளே, எழுந்து நின்று வாதாடும் நேரம் கொஞ்சம்தான். மங்கிய மையில் எழுதிய எல்லைகளை, வடக்கு யாருடைய காணி, கிழக்கே எந்த ஒழுங்கை என்று, வரிவரியாகப் படிக்கும் நேரம்தான் அதிகம். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே அதுதான்.

மூல உறுதியைக் கொண்டுவந்து காட்டுங்கள், போட்டோக் கொப்பியைக் கொடுங்கள். மூலத்தையே விட்டுப் போகவேண்டி வந்தால் உறுதி இலக்கத்தோடு துண்டு எழுதி வாங்குங்கள், என்னிடமென்றாலும்.