நிலாவை ஒரு மாதம் பின்தொடர்வது எப்படி

வானியலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, டெலஸ்கோப் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஒரு மாதம் நிலாவைப் பாருங்கள். எட்டுக் கோள்களின் பெயரையும் வரிசை தப்பாமல் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. நேற்று பொழுது சாய்ந்தபோது நிலா எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டால் அவர்களில் பலர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சூரியக் குடும்பம் எப்படி இயங்குகிறது என்பதற்கான பாதி விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அமாவாசை கழிந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்குங்கள். மேற்குத் திசை திறந்திருக்கும் ஓர் இடம் வேண்டும்: மாடி, மைதானம், ஜன்னல், எதுவானாலும் சரி. தினமும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும், அதுவும் சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து. எதிரே தெரியும் கட்டடம், மரம், மின்கம்பம் இவற்றை நோட்டின் அடியில் கோடாக வரைந்துகொள்ளுங்கள். அதற்கு மேலே பிறையை, அது சாய்ந்திருக்கிறபடியே வரையுங்கள். பக்கத்தில் தேதி, நேரம்.

தூரத்தை அளக்கக் கையே போதும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. நீட்டிய கையில் சுண்டுவிரல் நுனி சுமார் 1 பாகை. குழந்தைகளுக்கு முஷ்டி சிறியது, கையும் குட்டை, ஆகவே அவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வரும். நிலாவின் அகலம் அரைப் பாகைதான். அடிவானத்தில் எழும்போது பெரிதாகத் தெரிகிற முழுநிலவை ஒருமுறை சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், அப்புறம் அது உச்சிக்கு வந்தபிறகும் மறைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் விரல் முழுதாக மறைத்துவிடும். பெரிதாகத் தெரிவது மனதின் வேலை.

மறுநாள் அதே நேரத்துக்குப் போனால், நிலா ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் அதிகமாகக் கிழக்கே தள்ளியிருக்கும், பிறையும் சற்றுத் தடித்திருக்கும். இங்கேதான் பலருக்கும் குழப்பம் வரும். ஓர் இரவுக்குள் நிலா கிழக்கிலிருந்து மேற்கே போவது பூமி தன்னைத்தானே சுற்றுவதால். நாளுக்கு நாள் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதுதான் அதன் சொந்தப் பயணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நிலாவுக்கு ஒட்டினாற்போல் ஒரு பிரகாசமான நட்சத்திரம் இருக்கும் இரவில், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை வரைந்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்து மறுபடி வரையுங்கள். ஒரு மணி நேரத்துக்குத் தன் அகலம் அளவுக்கு நிலா நகர்ந்திருக்கும். 3,84,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓர் உலகம் தன் பாதையில் ஓடுவதை வெறுங்கண்ணால் பார்க்கிறோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மெல்லிய பிறையின் இருட்டுப் பகுதியையும் கவனியுங்கள். வட்டத்தின் மிச்சம் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்ட வெயில் நிலாவுக்குப் போய், அங்கிருந்து நம் கண்ணுக்குத் திரும்பி வரும் வெளிச்சம். இதற்குச் சரியான விளக்கத்தை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியோனார்டோ டா வின்சி எழுதிவைத்தார். அந்த நேரத்தில் நிலாவில் நின்று பார்த்தால் பூமி ஏறக்குறைய முழு வட்டமாக ஒளிரும். இங்கே வளர்பிறை என்றால் அங்கே தேய்பூமி. பிறை தடிக்கத் தடிக்க இந்தச் சாம்பல் ஒளி மறைந்துவிடும், ஆகவே முதல் நான்கைந்து நாட்களைத் தவறவிடாதீர்கள்.

பிறை சாய்ந்திருக்கும் விதம் ஊருக்கு ஊர் மாறும். பூமத்திய ரேகைக்கு அருகே அது படகு மாதிரி படுத்திருக்கும். வடக்கே போகப் போக நிமிர்ந்து, ஒளிர்கிற பக்கம் வலப்புறமாக நிற்கும். தெற்கே வெகுதூரத்தில் இருப்பவர்களுக்கு அதே மாலைப்பிறை இடப்புறம் ஒளிரும். எங்கே நின்றாலும் மாறாத ஒன்று, ஒளிர்கிற பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் பக்கம்தான்.

அடுத்த வேலை ஏழாம், எட்டாம் நாளில், அரைநிலா வரும்போது. பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அதை வார்த்தையால் மறுப்பதைவிட ஒரு பந்தைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. அரைநிலா மதியமே உதித்துவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் வெயிலும் இருக்கும், நிலாவும் உயரத்தில் வெளுப்பாகத் தெரியும். வெயில் விழும் இடத்தில் நின்று, ஒரு வெள்ளைப் பந்தைப் பென்சில் நுனியில் குத்தி, நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி கையை நீட்டிப் பிடியுங்கள். சூரியனை நேராகப் பார்த்துவிடாமல் நிலாவையும் பந்தையும் மட்டும் பாருங்கள். என் தம்பி மகளிடம் இதைக் கொடுத்தபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “பெரியப்பா, ரெண்டும் ஒண்ணா இருக்கு!” என்றாள். பந்தில் வெயில் பட்ட பாதியும் படாத பாதியும் எப்படித் தெரிகிறதோ, நிலாவிலும் அச்சு அசலாக அப்படியே தெரியும். பந்தின் மேல் எந்த நிழலும் விழவில்லை. பாதி எப்போதும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது, அந்தப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் பிறை.

முழுச் சுற்றையும் பார்க்க, இரவில் அறையை இருட்டாக்கி மூடியில்லாத ஒரு பல்பை எரியவிடுங்கள். உங்கள் தலைதான் பூமி. பந்தைத் தலைக்குக் கொஞ்சம் மேலே நீட்டிப் பிடித்து, பல்பைப் பார்த்து நின்றால் இருண்ட பக்கம் தெரியும்: அமாவாசை. மெதுவாக இடப்பக்கம் திரும்புங்கள். வலது ஓரத்தில் பிறை பிறக்கும், கால் சுற்றில் அரைநிலா, பல்புக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி. அங்கேயே நின்று பந்தைக் கொஞ்சம் இறக்குங்கள். தலையின் நிழல் பந்தை விழுங்கும். அதுதான் சந்திர கிரகணம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை கிடைத்துவிடும். நிலாவின் பாதை பூமியின் பாதையோடு ஒப்பிட்டால் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. நிலாவின் அகலத்தைப்போல் பத்து மடங்கு வரை அது மேலேயோ கீழேயோ தள்ளிப் போகலாம். பெரும்பாலான மாதங்களில் நிழல் அதன்மேல் படாமல் போய்விடும்.

பைனாகுலர் இருந்தால் அரைநிலா நாட்களில் எடுங்கள், பௌர்ணமியில் வேண்டாம். வெளிச்சமும் இருளும் சேரும் கோட்டின் ஓரத்தில் நிழல்கள் நீளமாக விழுவதால் பள்ளங்களும் மலைகளும் எடுப்பாகத் தெரியும். அரைநிலாவுக்கு ஓரிரு நாள் கழித்து, சுமார் 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம் அந்தக் கோட்டருகே வரும். இருட்டுப் பக்கத்தில் தனியாக மின்னும் மலையுச்சிகளை வைத்தே அவற்றின் உயரத்தைக் கணக்கிட முடியும் என்று கலிலியோ 1610இல் காட்டினார். பௌர்ணமியன்று நிழலே இல்லாததால் எல்லாம் தட்டையாகிவிடும். அன்றைக்குப் பார்க்க வேண்டியவை கறுத்த எரிமலைக்குழம்புச் சமவெளிகளும், டைக்கோ பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் சிதறிய வெள்ளைக் கோடுகளும்தான்.

பௌர்ணமிக்குப் பிறகு நேரத்தை மாற்ற வேண்டும். நிலா உதிப்பது சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும், மாலையில் காத்திருந்து பயனில்லை. இந்தப் பாதியில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். விடியற்காலை எழுந்து பாருங்கள், காலை எட்டு ஒன்பது மணிக்குக்கூட மேற்கு வானத்தில் நிலா நிற்கும்.

மாதம் முடியும்போது உங்கள் நோட்டில் ஒரு பொருத்தமின்மை தெரியும். தொடக்கத்தில் நிலாவுக்குப் பக்கத்தில் குறித்த அதே நட்சத்திரத்திடம் நிலா சுமார் 27.3 நாளில் திரும்பி வந்துவிடும். பழைய வடிவம் திரும்ப 29.5 நாள் ஆகும். தப்பு உங்கள் கணக்கில் இல்லை. நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிச் சுமார் 27 பாகை நகர்ந்துவிடுகிறது. அதனால் சூரியனுக்கு நேராக மறுபடி வர நிலா இன்னும் இரண்டு நாளுக்கு மேல் ஓட வேண்டியிருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை உங்கள் கையெழுத்திலேயே பதிவு செய்துவிட்டீர்கள். நோட்டு எழுதச் சொன்னதே இந்த இரண்டு நாளுக்காகத்தான்.

நிலா தன்னைத்தானே சுற்றவும் அதே 27.3 நாள் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் ஒரே முகம் தெரிகிறது. ஒரு நாற்காலியைப் பார்த்தபடியே அதைச் சுற்றி வாருங்கள், அறையின் நான்கு சுவர்களையும் பார்த்திருப்பீர்கள், அதாவது ஒருமுறை சுழன்றிருப்பீர்கள். மறுபக்கத்திலும் பகல் உண்டு, இரவு உண்டு. 1959இல் சோவியத் விண்கலம் லூனா 3 அதை முதன்முதலில் படம் எடுத்தது.

சரி, இப்போது அளவு. பாடப்படங்களில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தூரம் மனதில் பதிவதே இல்லை. 1 சென்டிமீட்டர் என்றால் 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி 12.7 சென்டிமீட்டர் பந்து. நிலா 3.5 சென்டிமீட்டர், 3.8 மீட்டர் தள்ளி. எங்கே வைப்பது என்று முதலில் மற்றவர்களைக் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் வைத்துவிடுவார்கள். சூரியன் சுமார் 14 மீட்டர் உயரம், ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில். வியாழன் 1.4 மீட்டர், சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். நெப்டியூன் அரை மீட்டர்கூட இல்லை, 45 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் கிட்டத்தட்ட வெற்றிடம்தான்.

கோள்களைக் கண்டுபிடிக்க அதே நோட்டு உதவும். நிலா போன பாதையை ஒட்டித்தான் கோள்களும் போகின்றன, ஏனென்றால் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுகின்றன. வடக்கே வெகுதூரம் தள்ளித் தெரியும் பிரகாசமான புள்ளி கோளாக இருக்க முடியாது. சூரியன் மறைந்ததும் மேற்கிலோ, உதிக்குமுன் கிழக்கிலோ கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் புள்ளி என்றால் வெள்ளி. அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல், அதாவது ஐந்து முஷ்டிக்கு மேல், விலகுவதில்லை. நள்ளிரவில் உச்சியருகே மினுங்காமல் நின்று எரியும் பெரிய புள்ளி பெரும்பாலும் வியாழன். பைனாகுலரைச் சுவரிலோ கம்பத்திலோ அழுத்தி, கை ஆடாமல் பிடித்துப் பாருங்கள். இருபுறமும் நேர்கோட்டில் இரண்டு, மூன்று சிறு புள்ளிகள் தெரிந்தால் அவை அதன் நிலாக்கள், 1610 ஜனவரியில் கலிலியோ கண்டவை. இடத்தை வரைந்துவைத்து மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் பாருங்கள். அயோ 1.77 நாளிலும் காலிஸ்டோ 16.7 நாளிலும் ஒரு சுற்று முடிப்பதால் வரிசை மாறியிருக்கும். வெளியே எட்டி நிற்பவற்றைப் பிடிப்பது எளிது, வியாழனை ஒட்டி இருப்பவை அதன் வெளிச்சத்தில் மறைந்துபோகும்.