பழைய சிஎன்சி லேத்: எண் அதேதான், அர்த்தம்தான் வேறு

ஸ்கிராப் விலைக்கு ஒரு பழைய சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் கடைசல் மெஷின்) வீட்டு ஷெட்டுக்கு வந்து இறங்கியதும் கை அரிக்கும். பழைய கண்ட்ரோலரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சி என்ற மெஷின் ஓட்டும் மென்பொருளை ஏற்றி ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஓட்டலாம்தான். ஆனால் கழற்றுவதற்கு முன் அதிலிருந்து எழுதி எடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஃபனுக் நிறுவனத்தின் ஜீரோ வரிசை போன்ற கண்ட்ரோலர்களில் பாராமீட்டர்கள் (மெஷினின் அமைப்பு எண்கள்) பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. பவரை அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் போச்சு. மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். அதற்கு முன்பே ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிள் வழியாகப் பாராமீட்டர்களை இறக்கிவிடுங்கள். கேபிள் இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரையே தூக்கப் போகிறவருக்கும் இது உதவும்: ரேபிட் வேகம் (வெட்டாமல் ஓடும் வேகம்), ஹோம் திசை (தொடக்க இடம் தேடும் திசை), பேக்லாஷ் அளவு (ஸ்குருவின் ஆட்டம்) எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அடுத்தது, பழைய புரோக்ராமை அப்படியே புதியதில் போடுவது. இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பல பழைய மெஷின்களில் புள்ளி வைக்காமல் இசட் (லேத்தின் நீளவாக்குத் திசை) -200 என்று எழுதினால் அது 200 மைக்ரான், அதாவது 0.2 மி.மீ. லினக்ஸ்சிஎன்சி அதை 200 மி.மீ. என்று படிக்கும். அந்தப் பக்கம் பொருளைப் பிடித்திருக்கும் சக் இருக்கிறது.

விட்டம், ஆரம் குழப்பம் இன்னொன்று. ஃபனுக் லேத்தில் எக்ஸ் (குறுக்குத் திசை) எண் பெரும்பாலும் விட்டம். லினக்ஸ்சிஎன்சி, ஜி7 என்ற கட்டளை கொடுக்காதவரை எக்ஸை ஆரமாகவே எடுத்துக்கொள்ளும். எக்ஸ் 18 என்று 18 மி.மீ. விட்டம் கேட்டால் டூல் 36 மி.மீ. விட்டத்தில் காற்றைக் கடைந்துவிட்டு வரும், சிரித்துவிட்டுப் போகலாம். ஆரக் கணக்கில் எழுதிய புரோக்ராமை ஜி7-இல் ஓட்டினால் சிரிப்பு வராது. 18 கேட்ட இடத்தில் டூல் 9 மி.மீ. விட்டம் வரை பாயும்.

யு, டபிள்யூ எழுத்துகள் ஃபனுக்கில் எக்ஸ், இசட் திசையில் ‘இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு’ என்ற நகர்வு. லினக்ஸ்சிஎன்சியில் அவை தனி அச்சுகள். ஜி99-உம் அப்படித்தான். வழக்கமான ஃபனுக் லேத்தில் அது ‘ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஃபீட் (டூல் நகர்வு)’. லினக்ஸ்சிஎன்சியில் அதற்கு ஜி95 போட வேண்டும். அங்கே ஜி99 டிரில்லிங் சைக்கிள் சம்பந்தப்பட்டது. மாற்றாமல் விட்டால், பிழைச் செய்தி வராமலே ஃபீடைக் குறிக்கும் எஃப் 0.15 என்பது நிமிடத்துக்கு 0.15 மி.மீ. ஆகி, மெஷின் ஹேங் ஆனது போல நிற்கும்.

சரி, சக்கைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்கு வருவோம். ஜி96-இல் வெட்டு வேகம் மாறாமல் இருக்க, விட்டம் குறையக் குறைய ஸ்பிண்டில் வேகம் ஏறும். நிமிடத்துக்கு 150 மீட்டர் என்றால் 50 மி.மீ. விட்டத்தில் சுமார் 955 ஆர்பிஎம், 10 மி.மீ. விட்டத்தில் சுமார் 4,775. பொருளின் முன்முகத்தைக் கடைந்து மையம் வரை போனால் மேலே எல்லையே இல்லை. ஃபனுக்கில் ஜி50-ஓடு எஸ் போட்டு உச்ச வேகத்தைக் கட்டுவார்கள். லினக்ஸ்சிஎன்சியில் அதே ஜி96 வரியில் டி என்ற எழுத்தில் கொடுக்க வேண்டும். பழைய சக் எவ்வளவு வேகம் தாங்கும் என்று பார்த்து அந்த எண்ணைப் போடுங்கள்.

சின்ன லேத்களில் சக் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஸ்பிண்டிலை எம்4 போட்டுத் திருப்பிச் சுற்றினாலும், மோட்டாரை ஓட்டும் டிரைவில் பிரேக் நேரத்தை அரை விநாடிக்குக் குறைத்தாலும் சக் கழன்றுவரலாம். எனக்கு ஒருமுறை கழன்றது. தட்டில் விழுந்து உருண்டதோடு போயிற்று. நான் எதிரே நிற்கவில்லை.

மரை வெட்ட ஆசைப்பட்டு, என்கோடரை (ஸ்பிண்டிலின் சுற்றைக் கணக்கிடும் சென்சார்) வழுக்கும் வட்ட பெல்ட்டில் மாட்டாதீர்கள். பல்வைத்த பெல்ட்டில், ஸ்பிண்டிலோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு இண்டெக்ஸ் பல்ஸும் (சுற்று தொடங்கும் இடத்தைச் சொல்லும் சிக்னல்) வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வெட்டு முதல் வெட்டின் பள்ளத்தில் விழாது. வேகத்தையும் அடக்கி வையுங்கள். 1.5 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி) உள்ள மரையை 1,000 ஆர்பிஎம்மில் வெட்டினால் இசட் நிமிடத்துக்கு 1,500 மி.மீ. ஓட வேண்டும், சின்ன ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடலாம். 300 ஆர்பிஎம் என்றால் 450 போதும்.

தேய்ந்த ஸ்குருவின் ஆட்டத்தை மென்பொருளில் ஓர் எண் போட்டு மறைக்கலாம் என்பது பாதி உண்மை. டூலை நிறுத்தும் இடம் சரியாகும். வெட்டு விசை டூலை அந்த இடைவெளிக்குள் இழுப்பது நிற்காது. வளைவு கடையும்போது திசை மாறும் இடத்தில் ஒரு கோடு தெரியும்.

வயரிங்கில் ரொம்பப் பேச வேண்டியதில்லை. எமர்ஜென்சி பட்டன் கம்ப்யூட்டருக்குச் சேதி சொன்னால் போதாது, டிரைவின் பவரையே வெட்ட வேண்டும். கரண்ட் இருக்கும்போது ஸ்டெப்பர் வயரைப் பிடுங்கினால் டிரைவர் போய்விடும். மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

அப்புறம், முதல் ஓட்டத்தில் சக்கில் எதையும் பிடிக்காதீர்கள். இசட் ஆஃப்செட்டை (பூஜ்ஜியப் புள்ளி) சக்கிலிருந்து 100 மி.மீ. தள்ளி வைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒரு நேரத்தில் ஒரு வரி), ரேபிட்டைக் குறைத்து, ஒவ்வொரு வரி ஓடும்போதும் ‘இன்னும் போக வேண்டிய தூரம்’ எண்ணைப் பாருங்கள். டூலைப் பாதி வழியில் நிறுத்தும்போது அங்கே 40 என்று காட்டினால், ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு அடுத்த பட்டனைத் தொடுங்கள்.