ஐ-140-க்கு ஆர்.எஃப்.இ. வந்தால் செய்யக்கூடாதவை

கிரீன் கார்டுக்காகப் போட்ட ஐ-140 மனுவுக்கு ஆர்.எஃப்.இ. (கூடுதல் சான்று கேட்டு அமெரிக்கக் குடியேற்றத் துறை அனுப்பும் நோட்டீஸ்) வந்துவிட்டது என்றதும் பாதிப் பேர் மனுவே போய்விட்ட மாதிரி இடிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து போன வருடம் ஆபீசில் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் வரை பீரோவில் இருக்கும் அத்தனையையும் ஸ்கேன் பண்ணி வக்கீலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். கொடுத்த சான்று போதவில்லை, இன்னும் காட்டுங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான். எது போதவில்லை என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

ஆனால் பலர் அதைப் படிப்பதே இல்லை. சிரிக்காதீர்கள். ஐ-140 கம்பெனி போடும் மனு, அதனால் நோட்டீஸ் கம்பெனிக்கும் அதன் வக்கீலுக்கும்தான் போகும். உங்களுக்கு வருவது ‘எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேட்கிறார்கள், அனுப்பவும்’ என்று ஒரு வரி மெயில். அதை நம்பி ஓடாமல் நோட்டீஸை முழுதாகக் கேளுங்கள். தர மறுத்தால் உங்கள் படிப்பு, அனுபவம் பற்றிய பக்கங்களையாவது வாங்குங்கள்.

கூடவே பெர்ம் விண்ணப்பத்தின் (ஐ-140-க்கு முன்னால் கம்பெனி அமெரிக்கத் தொழிலாளர் துறையில் போடும் விண்ணப்பம்) நகலையும் எடுத்து வையுங்கள். அதில் ‘ஐந்து வருட அனுபவம், ஜாவா, ஆரக்கிள்’ என்று கம்பெனி எழுதியிருந்தால், பிரையாரிட்டி தேதியன்று, அதாவது பெர்ம் தாக்கலான அன்று, அந்த ஐந்து வருடமும் ஜாவாவும் ஆரக்கிளும் உங்களிடம் இருந்தனவா என்றுதான் அதிகாரி பார்ப்பார். போன மாதம் பாஸ் பண்ணிய கிளவுட் சர்டிஃபிகேட்டை இதில் சொருகிப் பிரயோஜனமில்லை.

நம் ஆட்கள் அதிகம் அடிவாங்குவது அனுபவக் கடிதத்தில். சென்னை கம்பெனிகளின் ரிலீவிங் லெட்டர் எப்படி இருக்கும் என்று தெரியுமே: இன்னார் 2009 ஜூன் முதல் 2014 ஆகஸ்ட் வரை சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியராகப் பணியாற்றினார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். வாழ்த்து இருக்கிறது, என்ன வேலை பார்த்தார் என்பது இல்லை. கடிதம் கொடுப்பவரின் பெயர், பதவி, முகவரி, நீங்கள் பார்த்த வேலையின் விவரம் எல்லாம் வேண்டும், முழுநேர வேலை என்பதும் தெரியவேண்டும். ஹெச்.ஆரைக் கேட்டால் ‘கம்பெனி பாலிசி சார், இதுக்கு மேல தர முடியாது’ என்பார்கள். பலர் அத்தோடு விட்டுவிட்டு அதே பழைய கடிதத்தையே மறுபடி அனுப்புகிறார்கள்.

அந்த மறுப்பை மெயிலில் வாங்குங்கள். கேட்டும் கிடைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. பிறகு அன்றைய மேனேஜர், கூட வேலை பார்த்தவர் என்று இரண்டு பேரிடமாவது அஃபிடவிட் வாங்கி, ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் சேர்த்துக் கொடுக்கலாம். அஃபிடவிட் தருபவர் எந்த வருடங்களில் உங்களோடு இருந்தார், உங்கள் வேலை அவருக்கு எப்படித் தெரியும் என்பது அதில் வரவேண்டும். நீங்களே ஒன்றை டைப் அடித்து இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம். நான் பார்த்த ஒரு ஃபைலில் இரண்டு பேர் அஃபிடவிட்டிலும் ஒரே எழுத்துப்பிழை, அதுவும் ஒரே வரியில். அதிகாரிக்கும் கண் இருக்கிறது.

படிப்பில் சிக்குவது மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். மட்டும் முடித்தவர்கள். இந்திய மூன்று வருடப் பட்டம் அமெரிக்க பேச்சிலர்ஸுக்குச் சமமில்லை என்று 1977-லேயே ஒரு வழக்கில் முடிவாகிவிட்டது. ‘ஹெச்-1பி கிடைத்ததே, இதற்கு மட்டும் என்ன?’ என்று கேட்பார்கள். ஹெச்-1பி வேலை விசாவில் மூன்று வருட அனுபவத்தை ஒரு வருடப் படிப்பாகக் கணக்கிட விதி உண்டு, ஆனால் மேற்படிப்பு கேட்கும் வேலைகளுக்கான கிரீன் கார்டு பிரிவான இபி-2வில் அந்தக் கணக்கு செல்லாது. அனுபவத்தைக் கூட்டிப் பட்டமாக்கிக் காட்டும் எவாலுவேஷனுக்கு இங்கே காசைக் கொட்டாதீர்கள்.

இன்னொரு சங்கதி, நம் இனிஷியல். மார்க் ஷீட்டில் எஸ். கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன். நமக்கு அது ஒரே ஆள், அதிகாரிக்கு இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட் வைத்துவிட்டால் சரி.

சம்பளம் தரும் வசதி கம்பெனிக்கு உண்டா என்ற கேள்வியை ‘அது அவர்கள் பாடு’ என்று விடாதீர்கள், அதில் தோற்றாலும் போவது உங்கள் மனுதான். பெர்மில் சொன்ன சம்பளம் 1,10,000 டாலர், உங்கள் டபிள்யூ-2வில் (வருடச் சம்பளத்தைக் காட்டும் அமெரிக்க வரிப் படிவம்) 95,000 என்றால், அந்த வருடத்துக்கு மீதி 15,000-த்தை நிகர லாபத்திலோ நிகர நடப்புச் சொத்திலோ கம்பெனி காட்டவேண்டும். பிரையாரிட்டி தேதியிலிருந்து ஒவ்வொரு வருடத்துக்கும் இதே கணக்கு. கேட்பது வரி ரிட்டர்ன், ஆண்டறிக்கை அல்லது ஆடிட் செய்த கணக்கு. அதற்குப் பதிலாக பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் வைத்தால் நிற்காது. ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மனு போட்ட சின்ன கன்சல்டிங் கம்பெனி என்றால் இருபது பேருக்கும் சேர்த்துக் காட்டவேண்டியிருக்கும். உண்மையில் சிரமமான ஆர்.எஃப்.இ. இதுதான்.

கெடு நோட்டீஸிலேயே இருக்கும். அதிகபட்சம் 12 வாரம், தபாலில் வந்திருந்தால் இன்னும் மூன்று நாள். நீட்டிப்பு கேட்டால் கிடைக்காது. அந்தத் தேதிக்குள் பதில் அவர்கள் கையில் சேர்ந்திருக்கவேண்டும், கூரியரில் போட்ட தேதி கணக்கில் வராது. ‘இப்போதைக்கு இதை அனுப்புவோம், மீதியைப் பிறகு பார்க்கலாம்’ என்பதும் நடக்காது. ஒரே தடவைதான், பாதி அனுப்பினால் அதை வைத்தே முடிவு எழுதிவிடுவார்கள். பிரீமியம் (குறித்த நாளுக்குள் மனுவைப் பார்க்கச் சொல்லிக் கட்டும் கூடுதல் கட்டணம்) கட்டியிருந்தால் ஆர்.எஃப்.இ. வந்ததும் அந்தக் கடிகாரம் நின்றுவிடும், பதில் போய்ச் சேர்ந்த பிறகுதான் புதிதாக ஓடும், அதனால் அவசரப்பட்டு அரைகுறையாக அனுப்புவதில் லாபமில்லை.

தபாலில் அனுப்பினால் அசல் நோட்டீஸ் மேலே இருக்கட்டும், அதில் கேட்ட வரிசையிலேயே பதிலும் சான்றும். போகும் முன் கட்டு முழுவதையும் ஸ்கேன் பண்ணித் தரச்சொல்லி உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறி அவர்கள் புதிதாக ஐ-140 போடும்போது, அந்த அஃபிடவிட் கொடுத்த பழைய மேனேஜர் எங்கே இருக்கிறாரோ யாருக்குத் தெரியும்.