மியூனிக்கிலிருந்து நண்பர்களோடு ஒரு ஞாயிறு: டிக்கெட் முதல் தயிர்சாதம் வரை

மியூனிக் இருக்கும் ஜெர்மன் மாநிலமான பவேரியாவில் சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் கடை அடைத்தால் அடுத்துத் திறப்பது திங்கட்கிழமைதான். ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் திறந்திருக்கும். விலை கூடுதலாக இருக்கும். ஞாயிறன்று சுவரில் துளை போட்டாலோ வாக்குவம் கிளீனரை ஓட விட்டாலோ பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதனால் மியூனிக்கில் வசிக்கும் தம்பதிகளுக்கு ஞாயிறு என்றால் நண்பர்களோடு ரயிலேறும் நாள். முன்தினமே மூன்று வேலைகளை முடித்துவிட்டால் போதும்: டிக்கெட் கணக்கு, ரயில் விவரம், சாப்பாடு.

டிக்கெட் கணக்கு

யார் யாரிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில், பேருந்துகளில் செல்லும் இந்த மாத டிக்கெட், 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025இல் 58 யூரோ ஆனது. 2026 ஜனவரி முதல் 63 யூரோ. வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் வழியாகச் சலுகை விலையில் கிடைத்திருக்கும். அண்மையில் வந்து சேர்ந்த கணவரிடமோ மனைவியிடமோ இருக்காது. ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியாது.

டாய்ச்லாண்ட் டிக்கெட் உள்ளவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மீதிப் பேருக்கு மட்டும் பவேரியாவுக்குள் ஒரு நாள் செல்லும் பயர்ன் டிக்கெட் ஒன்று எடுங்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். முதல் ஆளுக்கு அடிப்படை விலை, அதன்பின் ஒவ்வொரு தலைக்கும் சிறு தொகை கூடும். ஆகவே ஆள் சேரச் சேரத் தலைக்கு விழும் செலவு குறையும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எண்ண வேண்டாம். மூன்று தம்பதிகள், அதாவது ஆறு பேர், ஒருவரிடமும் மாத டிக்கெட் இல்லை என்றால் இரண்டு பயர்ன் டிக்கெட் வாங்கியாக வேண்டும். ஐந்தும் ஒன்றுமாகப் பிரித்தாலும் நான்கும் இரண்டுமாகப் பிரித்தாலும் மொத்தத் தொகை ஒன்றுதான். ஆனால் ஒரு குடும்பம் சீக்கிரம் திரும்ப நினைத்தால் நான்கும் இரண்டும் நல்லது. தனியாகத் திரும்புபவர்கள் கையிலும் ஒரு டிக்கெட் இருக்கும்.

வார நாட்களில் இந்த டிக்கெட் காலை 9 மணிக்குமேல்தான் செல்லும். சனி, ஞாயிறு, பவேரியா விடுமுறை நாட்களில் நள்ளிரவு முதலே செல்லும். எப்படியானாலும் மறுநாள் அதிகாலை 3 மணி வரை பயன்படுத்தலாம். பயணம் செய்யும் எல்லோருடைய பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும், படம் உள்ள அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். நடுவில் இறங்கிப் போனவருக்குப் பதில் வேறொருவரைச் சேர்க்க முடியாது.

இரண்டு டிக்கெட்டுகளுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. ஆர்இ, ஆர்பி என்ற வட்டார ரயில்கள், எஸ்-பான் புறநகர் ரயில், யூ-பான் மெட்ரோ, டிராம், பெரும்பாலான பேருந்துகள் என எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி, இசி என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் ஏறக் கூடாது. வட்டார ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் இந்த விதி தளராது. 'அவங்க ரயில்தானே லேட்டு' என்று ஐசிஇயில் ஏறிவிட்டு, தனிக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. டிக்கெட்டே இல்லாமல் மாட்டினால் குறைந்தது 60 யூரோ அபராதம்.

சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும் அங்குள்ள முதன்மை ரயில் நிலையம் வரை இரண்டு டிக்கெட்டும் செல்லும். திரும்பும் வழியில் போலீஸ் ஏறி ஆவணம் பார்க்கும். ஆஸ்திரிய எல்லையில் இந்தச் சோதனை 2015 முதல் நடக்கிறது. பாஸ்போர்ட்டும் வசிப்பிட அட்டையும் இல்லாமல் போகாதீர்கள். அட்டை வராமல் தற்காலிகச் சான்றோடு இருப்பவர் குழுவில் இருந்தால், எல்லை தாண்டும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாத் தற்காலிகச் சான்றும் பயணத்துக்கு உதவாது.

எந்த ரயில், எந்தப் பெட்டி

முதல்முறை போகிறவர்களுக்கு டேகர்ன்சே ஏரி நல்லது. ஒரு மணி நேரச் சொச்சம்தான், ஏரிக்கரை நிலையத்திலிருந்து நடைதூரம், குழந்தை வண்டியும் ஓடும். ஆனால் இந்த வழியில் ரயில் இரண்டு இடத்தில் பிரியும். மியூனிக்கில் ஒன்றாகக் கிளம்பும் பெட்டிகளில் ஒரு பகுதி ஹோல்ட்ஸ்கிர்ஷனில் பிரிந்து ஷ்லியர்சே வழியாக பைரிஷ்செல் போகும். மீதி ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரிந்து, ஒன்று டேகர்ன்சேக்கும் மற்றொன்று லெங்ரீஸுக்கும் போகும். இடம் கிடைத்த பெட்டியில் ஏறி, இரண்டு தம்பதிகள் இரண்டு ஏரிக்குப் போய்ச் சேருவது இங்கே சகஜம். ஏறும் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் உங்கள் ஊர்ப் பெயரைப் பாருங்கள். அறிவிப்பில் 'ஃபோர்டெரர்' என்றால் முன்பகுதி, 'ஹின்டெரர்' என்றால் பின்பகுதி.

கொஞ்சம் நடக்கத் தயார் என்றால் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன். ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். 1936 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பனிச்சறுக்கு அரங்கிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் பார்ட்னாக்கிளாம் என்ற மலை இடுக்கு. சுமார் 700 மீட்டர் நீளம், 80 மீட்டர் வரை ஆழம். பாறையைக் குடைந்த பாதைக்குப் பக்கத்திலேயே ஆறு பாயும். மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் வெயில் நாளிலும் மழைக்கோட்டு வேண்டும். தரை வழுக்கும், பட்டை தேய்ந்த ஷூவும் செருப்பும் ஆகாது. குழந்தை வண்டி உள்ளே போகாது, முதுகில் சுமக்கும் பை எடுத்துப் போங்கள். பனி உருகும் காலத்திலும் பாறை விழும் ஆபத்து இருந்தாலும் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் பார்ட்னாக்கிளாமின் இணையதளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அதே ஊரில் கேபிள் காரில் ஏறுவதாக இருந்தால், கடைசியாக எத்தனை மணிக்குக் கீழே இறங்கும் என்று ஏறும் முன்பே கேளுங்கள்.

நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் ஆசைப்படுவார்கள். நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருக்கும், நேரம் தவறினால் சீட்டு வீண். ஃப்யூசன் வரை ரயில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பேருந்து, பிறகு முக்கால் மணி நேர ஏற்றம். இதில் ஏதாவது ஒன்று பிசகினால் மொத்தமும் பிசகும். ஆகவே சீட்டு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ஃப்யூசனில் இறங்கும் ரயிலைப் பிடியுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. எங்கள் கணிப்பில், கைக்குழந்தையோடு போகிறவர்கள் வெளியே நின்று பார்த்துவிட்டு வருவதே உத்தமம்.

நண்பர்களிடம் 'ஹவுப்ட்பான்ஹோஃபில் (முதன்மை ரயில் நிலையத்தில்) சந்திக்கலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கார்மிஷ், டேகர்ன்சே ரயில்கள் பெரும்பாலும் 27 முதல் 36 வரையுள்ள நடைமேடைகளில் நிற்கும். எஸ்-பானிலிருந்து ஏறி வந்து அங்கே போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகும். கட்டுமான வேலை நடப்பதால் வழியும் மாறிக்கொண்டே இருக்கும். நடைமேடை எண்ணைச் சொல்லி, ரயிலுக்கு இருபது நிமிடம் முன்னால் வரச் சொல்லுங்கள். இந்த ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது. கார்மிஷ் ரயிலில் அடுத்த நிலையமான பாசிங்கில் ஏறுகிறவர்கள் வெயில் நாளில் நின்றுகொண்டுதான் போவார்கள். தண்டவாள வேலை இருந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள் என்பதால், முந்தைய இரவு டிபி நேவிகேட்டர் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு: ஐந்து பேருக்கு

புளிசாதத்துக்கு 400 கிராம் அரிசி, தயிர்சாதத்துக்கு 350 கிராம். பாஸ்மதி ஆறினால் விறைத்துவிடும், பொன்னி போடுங்கள். புளிக்காய்ச்சலைச் சனி இரவே செய்து வைத்து, சாதத்தை ஞாயிறு காலை வடியுங்கள். இரவே கலந்து ஃபிரிட்ஜில் வைத்த சாதம் மறுநாள் கல்லாகத்தான் இருக்கும். ஆசியக் கடைகளில் கிடைக்கும் கரும்பழுப்பு எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அதில் தாளித்தால் புளிசாதம் வேறெதுவோ ஆகிவிடும். இந்தியக் கடை நல்லெண்ணெயே வேண்டும்.

தயிர்சாதத்துக்கு அரிசியை நான்கு மடங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, வெதுவெதுப்பாக 600 மில்லி பால் விட்டு, 3.8 சதவீதக் கொழுப்புள்ள யோகர்ட் மூன்று மேசைக்கரண்டி மட்டும் கலக்குங்கள். கோடையில் மதியத்துக்குள் பதமாக உறைந்துவிடும். குளிர்காலத்தில் பையிலேயே ஐந்து டிகிரி என்பதால் பால் உறையாது. அப்போது பால் பாதி, யோகர்ட் பாதி. டப்பாவில் அடைக்கும்போது கஞ்சிபோலத் தளர்வாக இருந்தால்தான் உண்ணும்போது சரியாக இருக்கும்.

இதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? ஏரிக்கரைப் பெஞ்சை விட பியர்கார்டன் என்னும் திறந்தவெளி பியர் உணவகம் வசதி. சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவரும் உரிமை அங்கே 1812ஆம் ஆண்டு அரசாணைக் காலத்திலிருந்து வரும் வழக்கம். 1999இன் மாநில விதிமுறையும் அதை ஏற்கிறது. மேசை விரிப்பு இல்லாத, நாமே போய் வாங்கிவரும் பகுதியில் உட்கார வேண்டும், குடிப்பதை அங்கேயே வாங்க வேண்டும். பியர் வேண்டாதவர்கள் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லெ கேட்கலாம். கோப்பைக்கு முன்பணம் பிடித்தால், திருப்பித் தரும்போது மறக்காமல் வாங்குங்கள். மலைக் குடில்களில் இந்த உரிமை இல்லை, அங்கே கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பவேரிய உருளைக்கிழங்கு சாலட்டில் பெரும்பாலும் இறைச்சி ரசம் ஊற்றியிருப்பார்கள். முட்டை மாவில் செய்த சீஸ் நூடுல்ஸான கேஸ்ஷ்பெட்ஸ்லெ கேளுங்கள், பன்றி இறைச்சித் துண்டு வேண்டாம் என்பதற்கு 'ஓனெ ஷ்பெக்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். 'வாஸர்' என்று மட்டும் கேட்டால் சோடாத் தண்ணீர் வரும், 'ஷ்டில்லெஸ் வாஸர்' என்று கேட்க வேண்டும்; அதற்கும் காசுதான்.

உணவகத்தில் பில் வரும்போது 'ட்சுஸாமன் ஓடர் கெட்ரென்ட்' என்பார்கள்: சேர்த்தா, தனித்தனியா. ஒருவரே சேர்த்துக் கட்டுவது பணியாளருக்கும் எளிது. டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு எழ வேண்டாம். 46 யூரோ பில்லுக்கு '50' என்று சொல்லியே கட்டுங்கள். சில்லறை நோட்டும் வைத்திருங்கள், சிறிய ஊர்களில் கார்டு எடுக்காத கடைகள் உண்டு. கட்டியவர் அன்றிரவே கணக்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிடட்டும், ஒரு வாரம் போனால் கேட்கக் கூச்சம் வரும். காலி பிளாஸ்டிக் புட்டிகளையும் கேன்களையும் மட்டும் குப்பையில் போடாதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுக்கு 25 சென்ட் உண்டு, திங்களன்று சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.