ஸ்டடி மாடலுக்குத் துண்டு அட்டை போதும்

கட்டட டிசைனை யோசித்துப் பார்க்கச் செய்யும் ஸ்டடி மாடலுக்கு முழு அட்டை ஷீட் வாங்காதீர்கள். சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போய், பைண்டிங் செய்பவர்களிடம் வெட்டி ஒதுக்கிய 1 மி.மீ. கிரே போர்டு (சாம்பல் நிறக் கெட்டி அட்டை) துண்டுகள் இருக்குமா என்று கேளுங்கள். எடைக்குக் கொடுப்பார்கள், சில நேரம் சும்மாவே கிடைக்கும்.

1:200 அளவில் அந்த 1 மி.மீ. என்பது 20 செ.மீ.; நம்மூர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் கனம் கிட்டத்தட்ட அதுதான். அப்புறம், ஓசி அட்டை என்றால் பிடிக்காத சுவரைப் பிய்த்தெறியக் கை கூசாது. டிசைன் தேறுவதே அங்கேதான்.

ஜூரிக்கு, அதாவது டிசைனை மதிப்பிடும் குழுவுக்கு, வைக்கும் மாடலுக்கு இது ஆகாது, துண்டுக்குத் துண்டு நிறம் மாறும். வளைவுச் சுவர் என்றால் மடிப்பு விழும். 1:50 என்றால் அதே சுவருக்கு நாலைந்து அடுக்கு ஒட்டவேண்டி வரும், சரிப்படாது.