முதலில் பாடுகிற ஆள், அப்புறம் கேமரா: விஸ்காம் பிள்ளைகளின் மியூசிக் வீடியோவுக்கு ஒரு எடிட்டர் அக்காவின் குறிப்புகள்

வருடா வருடம் பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் என் எடிட்டிங் அறை வாசலில் செருப்புகள் குவியும். கல்யாண வீடியோ வேலையை ஓரம் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், கையில் ஹார்ட் டிஸ்க்கோடு நான்கு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பிள்ளைகள் நிற்பார்கள். "அக்கா, வீடியோ முடிஞ்சிருச்சு. ஆர்ட்டிஸ்ட் மார்க்கெட்டிங் ரிசர்ச் ஃபைல் மட்டும் எழுதணும். ரெண்டு பாயிண்ட் சொல்லுங்க."

இதே தப்பை மதுரையில் விஸ்காம் படித்த காலத்தில் நானும் செய்தேன். என் வீடியோவில் ஒரு சிவப்புத் துப்பட்டா ஸ்லோமோஷனில் பறந்தது. பறந்துகொண்டே இருந்தது. வகுப்பில் திரையிட்டபோது துப்பட்டாவை எல்லோரும் பாராட்டினார்கள். பாடியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கலைஞர்களை எப்படி விளம்பரப்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற அந்த ரிசர்ச் ஃபைலை அதற்கு முந்தைய ராத்திரி எழுதியிருந்தேன். அதை முதலில் எழுதியிருந்தால் துப்பட்டா வீட்டிலேயே இருந்திருக்கும்.

ஆகவே வேலையைத் தலைகீழாக ஆரம்பியுங்கள். பாடுகிறவர் யார், அவரை ஊர் எப்படி நினைவில் வைக்க வேண்டும் என்பதுதான் முதல் வேலை. ஷாட் லிஸ்ட், அதாவது எடுக்கப்போகிற காட்சிகளின் பட்டியல், அதற்குப் பிறகுதான்.

சென்ற வருடம் நான் கூட இருந்து பார்த்த ஒரு டீமையே உதாரணமாகச் சொல்கிறேன். பாடகி பிஎஸ்சி படிக்கிற பெண், தினமும் திருமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். ராத்திரி கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பற்றி அவளே எழுதி, நண்பன் வீட்டு மாடியறையில் பதிவு செய்த பாட்டு அது. நீளம் 3 நிமிடம் 12 நொடி.

சினிமாப் பாட்டு ஏன் வேண்டாம்

உரிமைச் சிக்கல் ஒரு காரணம். யூடியூபில் ஏற்றிய சில நிமிடங்களிலேயே, அடுத்தவர் பாட்டை அடையாளம் காணுகிற அதன் தானியங்கி முறையான கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும். பதிவின் உரிமை ஒருவரிடமும் வரியும் மெட்டும் வேறொருவரிடமும் இருக்கலாம். தெரிந்தவர் பாட்டை எடுங்கள், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூன்று பேரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு காரணம். நம் ஊரில் பாடுகிறவருக்குத் திரையில் பெரும்பாலும் முகம் இருந்ததில்லை. குரல் பின்னணிப் பாடகருடையது, முகம் ஹீரோவுடையது. பல பத்தாண்டுப் பழக்கம் இது. சினிமாப் பாட்டின் விளம்பரத்தை ஆராய்ந்தால் கடைசியில் படத்தின் விளம்பரத்தைத்தான் ஆராய்ந்திருப்பீர்கள். பாப் கலைஞரின் கதை வேறு: குரலுக்கு உரியவரே முகத்துக்கும் உரியவர். அந்த முகத்தை ஒரு புதிய ஆளாக ஊருக்கு அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது.

நடுவில் நிற்கிற ஒன்றைப் பாருங்கள். 'கொலவெறி' 2011 நவம்பர் 16-இல் வந்தது. அது '3' படத்தின் பாட்டு, ஆனால் படம் வந்தது 2012 மார்ச் 30-இல். நான்கு மாதத்துக்கு மேல் அந்தப் பாட்டு படம் இல்லாமலே ஓடியது. வீடியோவில் காட்டியதும் படக்காட்சி இல்லை, ஒலிப்பதிவுக் கூடம்: ஹெட்போன் போட்ட தனுஷ், பக்கத்தில் அனிருத், சிரிப்பு. பாட்டு உருவாகிற இடத்தில் நாமும் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு. ஒரு மாணவக் குழுவால் இன்று மதியமே எடுக்கக்கூடிய செட் அது.

ரிசர்ச்: சார்ட் பேப்பரும் ஆறு வாரமும்

மூன்று கலைஞர்களை எடுங்கள். உலக அளவில் ஒருவர், தமிழில் ஒருவர், உங்களைப் போலவே சில நூறு பேர் மட்டும் கேட்கிற ஒருவர். மூன்றாமவரை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் நிலைமைக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தான், செய்தி அனுப்பினால் பதிலும் போடுவார்.

ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு பாட்டு. அது வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்பிலிருந்து நான்கு வாரம் பின்பு வரை அவர்கள் பக்கத்தில் வந்த எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, தேதிவாரியாகச் சார்ட் பேப்பரில் ஒட்டுங்கள். போஸ்டர், டீசர், லிரிக் வீடியோ, பேட்டி, மேக்கிங், தம்ப்நெயில் எல்லாம். கணினியில் பார்ப்பதைவிடச் சுவரில் பார்க்கும்போது கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். எங்கள் டீம் ஹாஸ்டல் சுவரில் ஒட்டி வார்டனிடம் திட்டு வாங்கியது. நீங்கள் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

ஒட்டி முடித்ததும் தள்ளி நின்று மூன்று கேள்விகள். எல்லாத் துண்டுகளிலும் திரும்பத் திரும்ப வருவது என்ன? எதை மறைத்துவைத்துக் கடைசியில் காட்டினார்கள்? எந்தத் துண்டுக்குக் காசு செலவாகியிருக்கிறது, எது சும்மா போனில் எடுத்தது?

தமிழில் பார்க்க 2024 ஜனவரியில் வந்த 'கட்சி சேர' நல்ல பாடம். அதற்கு இசையமைத்துப் பாடிய சாய் அபயங்கர் அப்போது புதுமுகம். வீடியோவில் சம்யுக்தா ஆடிய அசைவைப் பலரும் ரீல்ஸில் ஆடிப் பார்த்தார்கள். பாட்டைவிட்டுப் பிரித்து எடுத்துப்போகக் கூடிய ஒரு துண்டு அதில் இருந்தது. உடனே 'நாமும் ஒரு ஹூக் ஸ்டெப் வைப்போம்' என்று குதிக்காதீர்கள். எங்கள் பாடகிக்கு ஆடவே வராது. அவளுடைய பாட்டிலிருந்து ஜனங்கள் கையில் எடுத்துப்போக என்ன இருக்கிறது என்பதுதான் அங்கே கேட்க வேண்டியிருந்தது.

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பார்க்கும்போது வீடியோவோடு நிறுத்தாமல் அதற்குப் பின் நடந்ததையும் ஒட்டுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் அதைப் பாடிய தீ என்ற பாடகி இருந்தார், கூடப் பாடிய ராப் பாடகர் அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. யாருடைய முகம் எங்கே வருகிறது என்பது வெறும் டிசைன் முடிவு இல்லை என்று புரியவைக்க இதைவிட நல்ல சார்ட் பேப்பர் கிடைக்காது.

உலக அளவில் பாடகி எம்.ஐ.ஏ.வை எடுக்கச் சொல்வேன். லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண், சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் சினிமா படித்தவர், அதாவது உங்கள் சீனியர் மாதிரி. இசைக்கு வருவதற்கு முன்பே ஸ்டென்சில் (வெட்டிய அட்டை வழியே வண்ணம் பூசும்) ஓவியங்கள் செய்துகொண்டிருந்தார், அதே ஸ்டென்சில்தான் அட்டைப்படத்திலும் வந்தது. 2005-இல் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், 2007-இல் இரண்டாவதற்கு அம்மாவின் பெயர். விளம்பர ஏஜென்சி உட்கார்ந்து யோசித்த பிராண்ட் இல்லை, கையில் ஏற்கெனவே இருந்ததை விடாமல் பிடித்துக்கொண்டார்.

வியூஸ் எண்ணிக்கையை வைத்துப் பத்தி பத்தியாக எழுதுவதைக் கொஞ்சம் குறையுங்கள். 2019 ஜூலையில் ராப் பாடகர் பாதுஷாவின் ஒரு பாட்டுக்கு 24 மணி நேரத்தில் ஏழரைக் கோடி வியூஸ் என்று அறிவித்தார்கள். அதில் விளம்பரமாக ஓட்டிய வியூஸும் சேர்ந்திருந்தது. அந்த செப்டம்பரில் யூடியூப், 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் விளம்பர வியூஸ் சேராது என்று விதியையே மாற்றியது. எண்ணிக்கைக்குப் பதில் கமெண்ட்டுகளைப் படியுங்கள், அதுவும் 'புதியவை' என்று வரிசைப்படுத்தி. பாட்டு வந்து ஆறு மாதம் கழித்து ஒருவர் ஏன் அங்கே வந்து எழுதுகிறார் என்பது உங்களுக்கு உதவும்.

தியரி கேட்பார்கள், சுருக்கமாக: மியூசிக் வீடியோவை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992-இல், காட்சி வரியை அப்படியே காட்டலாம், வரிக்கு மேலே கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம், சம்பந்தமே இல்லாமலும் போகலாம் என்று மூன்றாகப் பிரித்தார். நட்சத்திரம் என்பது பல துண்டுகளிலிருந்து கட்டப்படுகிற பிம்பம் என்றார் சினிமா ஆய்வாளர் ரிச்சர்ட் டயர். உங்கள் கதவில் ஒட்டியிருப்பது அந்தத் துண்டுகள்தான். அதைக் காட்டி எழுதுங்கள், போதும்.

சுவரிலிருந்து ஷாட்டுக்கு

எங்கள் பாடகியின் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடினோம். பையைக் கொட்டச் சொன்னேன். உள்ளேயிருந்து கசங்கிய பஸ் டிக்கெட்டுகள் கொட்டின. 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, இருந்தாலும் கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். அந்தக் கட்டணமில்லா டிக்கெட்தான் போஸ்டரின் வடிவம் ஆனது. பாட்டின் பெயர், தேதி, அவள் பெயர் மூன்றும் டிக்கெட் எழுத்தில். டீசர் என்றால் அவள் கை டிக்கெட்டைச் சுருட்டுவது, பத்து நொடி. கல்லூரிக்கு வரும் பஸ்களில் தோழிகள் ஆளுக்கொரு டிக்கெட்டைச் சுருட்டி வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஹூக் ஸ்டெப்புக்குப் பதில் ஹூக் டிக்கெட்.

மதுரை என்றதும் கோபுரம், மல்லிகை, ஜிகர்தண்டா என்று எழுதியிருந்த முதல் ஷாட் லிஸ்ட்டை அன்றே கிழித்தோம். அவளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒருவன் சமணர் மலை வேண்டும் என்று அடம்பிடித்தான். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், ட்ரைபாட் வைத்து எடுக்க முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

ஓடுகிற பஸ்ஸில் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்கினால் கண்டக்டர் இறக்கிவிடுவார், அது அவர் வேலை. ஆகவே கல்லூரி பஸ்ஸை இரவில் நிறுத்திவைத்தே எடுத்தோம். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பையன்கள் எல்இடி ட்யூப் விளக்கைத் தோள் உயரத்தில் பிடித்து முன்னாலிருந்து பின்னால் ஓடுவார்கள், அது தெருவிளக்கு கடந்துபோவது போல முகத்தில் விழும். இன்னும் இரண்டு பேர் பின் பம்பரில் ஏறி மெல்லக் குதிப்பார்கள். ஜன்னலுக்கு அப்பால் இருட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்கிற வேப்பமரம் காட்டிக்கொடுத்துவிடும்.

படப்பிடிப்புக்கு முன் ஒரு வேலை: ஷாட்டுகளைப் போனில் ஸ்டில் போட்டோவாக எடுத்துப் பாட்டின் மேல் அடுக்குங்கள். ஒலியை அணைத்துவிட்டு மெஸ்ஸில் நாலு பேரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் பதில், "யாரையோ லவ் பண்ணுது." காரணம் ஜன்னலோரச் சோகப் பார்வை. அதில் பாதியை எடுத்துவிட்டுக் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குவது, தூங்கி விழுவது, பக்கத்துப் பாட்டியின் கூடை எல்லாம் சேர்த்தோம். இரண்டாம் முறை பதில்: "டெய்லி பஸ்ல போற பொண்ணு." சரி, இனி கேமரா.

படப்பிடிப்பு இரவு

3:12 பாட்டில் ஷாட்டுக்குச் சராசரி மூன்று நொடி என்றால் 64 ஷாட். எங்கள் பையன்கள் 140 எழுதி வந்தார்கள். முதலில் பாடகி முழுப் பாட்டையும் பாடுவதை மூன்று முறை எடுங்கள்: தூரம், நடு, நெருக்கம். அதை எடுத்துவிட்டால் மற்ற எல்லாம் சொதப்பினாலும் வீடியோ இருக்கும். மீதியை அதன் பிறகு வரிசையாக.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். போனின் 30 பிரேமோடும் தானாக மாறுகிற ஷட்டரோடும் விட்டால் ட்யூப்லைட் கீழே கோடு கோடாக ஓடலாம், அதை எடிட்டில் என்னால் சரிசெய்ய முடியாது.

ஸ்லோமோஷனில் உதடு பாட்டோடு ஒட்ட வேண்டுமா? 50 பிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள், ஆனால் எடுக்கும்போது பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அவளும் அதற்குச் சமமாக வாயசைக்க வேண்டும். எங்கள் பாடகி இரண்டு வரிக்கு மேல் தாங்கவில்லை, சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் வீடியோவில் இருக்கிறது.

ஸ்பீக்கர் கேமராவுக்குப் பக்கத்தில் இல்லை, பாடகிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பதினான்கு மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி வந்துசேர ஒரு பிரேம் தாமதம்.

ஷார்ட்ஸ், ரீல்ஸுக்கு என்று நெட்டுவாக்கில் தனியாகப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டப் படத்தை வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது, பாட்டியின் கூடை போய்விடும்.

செலவு: லென்ஸ் வாடகை 2,400 ரூபாய், விளக்குகள் 1,200, சாப்பாடு 1,300, டிரைவர் அண்ணனுக்கும் வாட்ச்மேனுக்கும் டீ, பன், கைச்செலவு 500. மொத்தம் 5,400. சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், ராத்திரி ஒரு மணிக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் பசியோடு ஓட மாட்டான்.

கடைசியாக எடிட்டர் என்ற முறையில் ஒரு கெஞ்சல். டைட்டிலில் தமிழ் போட்டால், இறுதி ஃபைலை எடுத்த பிறகு ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சில மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். டிக்கெட் போஸ்டரில் இருந்த 'கொ', எங்கள் முதல் ஃபைலில் கொம்பு தனி, க தனி, கால் தனி என்று மூன்று துண்டாக நின்றது. அதைக் கண்டுபிடித்தவர் டிரைவர் அண்ணன்.